தம்பி கொடுத்த இரண்டாவது பட்டியல்

என் தம்பி கணினி பழுது பார்க்கிறவன். வயது நாற்பத்தொன்று. வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன பழைய கணினிகளில் ஆறுக்கு உயிர் கொடுத்து, நான் துணி வெட்டும் அறையில் வைத்திருந்தான். நூலகத்தில் பழைய கணினி விளையாட்டுகளுக்கென்று ஓர் அறை திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஆறையும் அங்கே சேர்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

நூலகர் அம்மா யோசித்தார். புதிய கணினியைப் பழையது போல நடிக்கவைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் இருக்கும்போது இந்தப் பாரம் எதற்கு?

"ரெண்டுலயும் ஓட்டிப் பாத்து எழுதிக் குடுங்க. வித்தியாசம் இல்லேன்னா பழசு வேணாம்."

நாற்பது விளையாட்டுகள். தம்பி விசையை அழுத்துவான்; திரையில் பொம்மை குதிக்கும்; இரண்டையும் சேர்த்துச் செல்பேசியில் மெதுவாக ஓடும் படமாக எடுப்பான். அதை ஒவ்வொரு படமாக நகர்த்தி, அழுத்தியதற்கும் குதித்ததற்கும் நடுவே எத்தனை படங்கள் என்று எண்ணுவது என் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் பொத்தான் துளை தைத்துப் பழகிய கண், ஒரு படம் தப்பாது. பழையதில் பன்னிரண்டு, புதியதில் இருபத்தைந்து; அவ்வளவு தாமதம். அநேகமாக எல்லா விளையாட்டிலும் அப்படித்தான். பட்டியலைப் பார்த்த நூலகர் அம்மா ஆறையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் தம்பி பேயறைந்தவன் போல வந்து நின்றான்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்."

"என்னடா?"

"பழசை அதோட டப்பாத் திரையிலயே பாத்தோம். புதுசை மட்டும் டிவியில மாட்டிட்டோம். அந்தத் தாமதம் டிவியோடது. இப்ப புதுசையும் டப்பாத் திரையில மாட்டிப் பாத்தேன். பதிமூணுதான்!"

பழைய கணினியும் அதன் திரையும் அவனுக்குப் புருஷன் பெண்டாட்டி மாதிரி. பிரித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"யாருக்குடா தெரியப்போகுது? பேசாம விடேன்" என்றேன். சொன்னது நான்தான், மறைக்கவில்லை.

"கை கோணலாத் தெச்ச சட்டைய அப்படியே மடிச்சுக் குடுப்பியா நீ?"

"வாயடிக்காத. செல்போன எடு, எண்ணலாம்."

நாற்பதையும் முதலிலிருந்து பார்த்தோம், இந்த முறை ஒரே திரையில். முப்பத்தொன்றில் சொல்லும்படி வித்தியாசமில்லை. ஒன்பதில் மட்டும் எமுலேட்டர் திணறியது. வெடிச் சத்தம் பிந்தி வந்தது, பொம்மை இடறி இடறி ஓடியது.

இரண்டாவது பட்டியலை நூலகர் அம்மா இரண்டு தடவை படித்தார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"அதனாலதாம்மா வந்தேன்."

"அப்ப, இந்த ஒன்பதுக்கும் எத்தனை பழசு வேணும்?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"ஒண்ணு போதும்மா."

ஆறில் நன்றாக ஓடியதைத் துடைத்து, அதன் திரையோடு கொண்டுபோய்க் கொடுத்தான். மற்ற ஐந்தும் என் வெட்டு மேசைக்கு அடியில் இருக்கின்றன. காலை நீட்ட இடமில்லை. அவற்றை எடுக்கச் சொல்லி நான் இதுவரை கேட்கவில்லை.