மூலம் கேட்ட அண்ணாச்சி

நேற்றுக் காலை, சாரலில் குடையோடு வந்த பழைய அலுவலக நண்பர், "நம்ம சங்கரலிங்கம் அண்ணாச்சி போயிட்டாரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் முதலில் வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தென்காசியில் எங்கள் அரசு அலுவலகத்தில், வெளியே தெரியக்கூடாத காகிதங்களுக்கு 'மந்தணம்' என்று சிவப்பு முத்திரை குத்துகிற பிரிவு அவருடையது. யார் குத்தச் சொன்னாலும், "மூலம் எங்கவே?" என்பார். அரசாணையோ, விதிப் புத்தகமோ, ஏற்கெனவே முத்திரை விழுந்த மேலிடத்துக் காகிதமோ அதை இரகசியம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. "அண்ணாச்சிக்கு மூலம் முத்திப்போச்சு" என்று கேலி செய்வோம். மனிதர் சிரிக்கக்கூட மாட்டார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சீசன் சமயம், குற்றாலத்தில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊரான இலஞ்சியில் குடிதண்ணீர் கெட்டிருக்கிறது என்று சோதனை அறிக்கை வந்தது. மேலதிகாரி, "வெளிய தெரிஞ்சா சீசன் கூட்டம் கலைஞ்சிரும், மந்தணம் போட்டு உள்ள வையும்" என்றார். அண்ணாச்சி மூலம் தேட உட்கார்ந்தார். இல்லாத மூலத்துக்காக எல்லாப் புத்தகத்தையும் புரட்டி முடிக்கும்வரை அறிக்கை அவர் மேசைக்குள் கிடந்தது. பக்கத்து மேசையில் நான். என் வீடும் இலஞ்சியில்தான். என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை! கடைசியில், அப்படி விதியே இல்லை என்று எழுதி, அதிகாரியின் வாயை அடைத்து, அறிக்கையை ஊர்ப் பலகையில் ஒட்டவைத்தார். அதற்குள் என் மகள் கோமதி வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அங்கே வந்தவரிடம் கத்தினேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன அண்ணாச்சி?"

"தீர்மானமாகாத காயிதத்தை உம்மகிட்ட மட்டும் எப்படிவே சொல்லுதது? உம்ம பிள்ளை மட்டுந்தானா அந்தத் தண்ணியக் குடிக்குது?"

கை ஓங்கிவிட்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் தடுத்தது. அவர் மனைவி, எங்கள் மதினி. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"விடுங்க தம்பி. எங்கிட்டயே சொல்லலை. அவுகளும் வீட்டுல அதத்தான் குடிச்சாக."

இப்படிப்பட்ட ஆளை என்னதான் செய்வது? திட்ட வாய் வரவில்லை. மனசும் ஆறவில்லை, இன்றுவரைக்கும்.

கோமதியும் மதினியும் பிழைத்து எழுந்தார்கள். பின்னாளில் அவர் நாற்காலி எனக்கு வந்தது. மூலம் பார்க்காமல் ஒரு காகிதத்திலும் நான் முத்திரை குத்தியதில்லை. அது அவரிடமிருந்து வந்தது. ஆனால் தண்ணீர், நோய் என்று எது வந்தாலும், முதலில் அந்த ஊருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பேன். தெரிந்திருந்தால், என்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி முதல் ஆளாக அவரே எழுதிப்போட்டிருப்பார், பாவி மனிதர்.