ஞானசுந்தரி அக்காவின் பயம்

செவ்வாய்க்கிழமை காலை நம் அச்சகத்து மாரிமுத்து போனில் அழைத்து, "அண்ணாச்சி, அக்கா போயிட்டாவ" என்றார். எங்கே என்று கேட்டேன். எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருந்தவர் என்பதால் அந்தக் கேள்வி இயல்பாக வந்தது. மாரிமுத்து அழுத பிறகுதான் புரிந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு.

மதியத்துக்குள் ராஜபாளையம் முழுக்கப் போஸ்டர்கள் ஒட்டிவிட்டார்கள். எல்லாவற்றிலும் 'அஞ்சாநெஞ்சர்' என்று போட்டிருந்தது. அவர் மீது வழக்குப் போட்டவர்களின் செலவில் ஒட்டியவையும் அவற்றில் உண்டு. யாரும் விசாரிக்காமல் அச்சிட்ட செய்தி அது. எனக்குத் தெரிந்த மனிதர்களில் அதிகம் பயந்தவர், இந்த வார இதழைத் தன் அப்பாவுக்குப் பிறகு தனியாக நடத்திய ஞானசுந்தரி அக்காதான்.

யாரைப் பற்றியாவது எழுதினால், அச்சுக்குப் போகும் முன் அவருக்கே போன் போட்டு முழுச் செய்தியையும் வாசித்துக் காட்டுவது அக்காவின் வழக்கம். வாசிக்கும் முன் ஆபீஸ் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். வாய்க்கால் மேல் கடை கட்டிய ஒரு கவுன்சிலருக்கு அப்படி வாசித்தபோது நான் எதிரே இருந்தேன். "ஆபீஸோட சேத்துக் கொளுத்திப்புடுவேன்" என்ற சத்தம் எனக்கே கேட்டது.

"சரிங்க. தகவல்ல எதும் தப்பு இருக்கா?" என்றார் அக்கா.

இன்னும் இரண்டு வசவுகள் வந்தன. பிறகு, "என் இனிஷியல் கே இல்ல, டி" என்றார் கவுன்சிலர். அக்கா நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார்.

"இம்புட்டுப் பயந்துகிட்டு எதுக்குக்கா இந்தத் தொழில்?" என்று கேட்டேன்.

"பயமில்லாதவன் ஒருத்தன்ட்ட கேட்டுட்டு எழுதிருவான், தம்பி. நான் பயந்தவ. அதான் மூணு பேர்ட்ட கேக்கேன்."

அவருடைய அப்பா நெருக்கடிநிலைக் காலத்திலும் இதழை நிறுத்தவில்லை. தணிக்கை அதிகாரி வெட்டிய செய்திகளின் இடத்தில் பால்கோவா விளம்பரம் போடுவாராம். பக்கம் முழுக்கப் பால்கோவா வந்தால் ஊரில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று வாசகர்கள் தெரிந்துகொள்வார்களாம். "இப்ப வெட்டுறதுக்கு ஆளே வாரதில்ல. கத்திரியை நாமளே வச்சிருக்கோம்" என்பார் அக்கா. ஒரு கல்லூரி விழாவில் பத்திரிகையை ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று ஒருவர் நெடுநேரம் புகழ்ந்தார். அக்கா என் பக்கம் சாய்ந்து, "தூணு சரிதான். அதுல கட்டிவச்சுத்தான அடிக்காவ" என்றார்.

நம் இதழில் எழுதியவர் பெயர் எந்தச் செய்தியிலும் இருக்காது. "சம்மன் ஒரே வீட்டுக்கு வரட்டும். நாலு வீட்டுல எதுக்கு ஒல வைக்காமக் கெடக்கணும்?" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எல்லோரும் ஆண்டாளைப் பார்க்கப் போவார்கள். அக்கா வாய்தா வாங்கப் போவார். அன்று காலையில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வருவார். நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, "ஆமாங்கய்யா, நான்தான் போட்டேன்" என்பார். அந்தச் செய்தியை எழுதிய நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

இனி அந்த ஒரே வீடு இல்லை. இதைக் கல்லறைத் தோட்டத்திலேயே எனக்கு ஒருவர் புரியவைத்தார். சேத்தூர்ப் பக்கம் கண்மாயில் மண்ணைக் கொட்டி வீட்டுமனை போட்டு விற்பவர். அக்கா கடைசியாக விசாரித்துக்கொண்டிருந்த செய்தி அவரைப் பற்றியதுதான். இருந்ததிலேயே பெரிய மாலை அவருடையது. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கண்மாய் மேட்டரும் அக்காவோட போயிருச்சுன்னு வச்சுக்கிடுவோம். என்ன?"

நான் கையை உருவப் பார்த்தேன்; அவர் விடவில்லை.

"ஒங்க பாப்பா நீலக் கலர் சைக்கிள்லதான ஸ்கூலுக்குப் போறா? ரோட்டுல லாரி ஜாஸ்தி. பாத்துப் போகச் சொல்லுங்க."

மகளின் சைக்கிள் நிறம் எனக்கே உடனே நினைவுக்கு வரவில்லை. அவர் சரியாக விசாரித்திருந்தார்.

செய்தியை விட்டுவிடலாம் என்று என் மனைவி சொன்னாள். மாரிமுத்துவும் சொன்னார். நானும் என்னிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த இடத்தில் பால்கோவா விளம்பரம் போட்டால் அழகாகவே இருக்கும். ஆனால் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வாசகர்கள் இப்போது இருக்கிறார்களா என்று சந்தேகம் வந்தது.

நேற்று மதியம் அந்த மனை வியாபாரிக்குப் போன் செய்து முழுச் செய்தியையும் வாசித்தேன். முடித்துவிட்டு, தகவலில் தவறு உண்டா என்று கேட்டேன்.

"பாப்பா எத்தனாவது படிக்கா?" என்றார்.

அது மறுப்பு ஆகாது என்பதால் செய்தியில் சேர்க்கவில்லை.

அக்காவின் தைரியத்தைப் போஸ்டர் ஒட்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது அவருடைய பயம். அந்தப் பயத்தில்தான் கண்மாய்க்கரை விவசாயிகள் இன்னும் இரண்டு பேரிடம் போய்க் கேட்டுவந்தேன். அந்தப் பயத்தில்தான் மகளை இப்போது நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறேன், வாசலைத் தாண்டி உள்ளே போகும்வரை நிற்கிறேன்.

செய்தி இந்த இதழின் மூன்றாம் பக்கத்தில், என் பெயருடன் இருக்கிறது.