வராத ஏழு குறுஞ்செய்திகள்

மருத்துவமனையில் பெரிய டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் அவள் போர்டக்கா. தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஜன்னலில்லாத ஓர் அறையில் டெலிபோன் போர்டு இருந்தது. இருபத்தாறு வருடமாக வெளியிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வார்டுகளுக்குப் போயின. மணி அடித்துக்கொண்டே இருக்க யாராவது போனை எடுக்காமல் விட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ரத்த வங்கியில் பத்து நிமிடம் ஆள் எடுக்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று மாடி ஏறிப் போய், அங்கே அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களை நார் நாராகக் கிழித்துவிட்டு வந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி. எட்டு வயது இளையவன். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அக்காவும் தம்பியும் கையாலேயே பேசிச் சண்டை போட்டு வளர்ந்தார்கள். ஐந்து வருடமாக அவன், தமிழர்கள் நிறையப் புழங்கும் ஒரு வெளிநாட்டில், தகர டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். தொழிற்சாலையிலும் அதை ஒட்டிய விடுதியிலும் கேமரா உள்ள போனுக்கு அனுமதியில்லை. அதனால் அவனிடம் பட்டன் போன்தான். இணையம் கிடையாது, வீடியோ கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பும் குறுஞ்செய்திதான் அவனுக்கு வாய்.

ஒருநாள் அவனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. வலது கை ரெண்டு விரல் போச்சு. பயப்படாதே." மூன்று வாரம் கழித்து இன்னொன்று. "ஏதோ பேப்பர்ல கையெழுத்து கேக்குறாங்க. புரியல. நீ வா."

மூன்று நாளுக்கு மேல் விடுப்பே எடுத்தறியாதவள் இரண்டு வார விடுப்பு எழுதிக் கொடுத்தாள். என்றைக்கோ எடுத்து வைத்த பாஸ்போர்ட் பீரோவில் புதுக்கருக்குக் கலையாமல் கிடந்தது. விமானம் ஏறினாள்.

இறங்கிய விமான நிலையத்தில், பெட்டி வரும் இடத்தைத் தாண்டியதுமே ஒரு சிம் கார்டு கவுண்ட்டர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவன் சிரித்த முகமாக நின்றான். போர்டக்கா சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"எனக்குப் பேசணும், மெசேஜ் அனுப்பணும், மெசேஜ் வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப இதுதான்க்கா. முப்பது நாள் அன்லிமிடெட். எல்லாமே போகும்."

"எல்லாமேன்னா? மெசேஜ் வருமா?"

"எல்லாமே வரும்க்கா. கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

பக்கத்தில் சாதாரணமாக ஒரு வெள்ளை உறை இருந்தது. அது என்ன என்று கேட்டாள். "அது பழைய போன் வச்சிருக்கவங்க வாங்குறது. உங்களுக்கு எதுக்குக்கா?" என்று அதை ஓரமாகத் தள்ளினான். பின்னால் வரிசை நின்றதால் அவன் சொன்னதையே வாங்கினாள். அவள் போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம். ஊர் சிம்மைக் கழற்றி உறையின் பின்புறம் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தான். உறையில் புது எண் அச்சடித்திருந்தது. அதைப் படமெடுத்து, மருத்துவமனை போர்டில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு இணையத்தில் அனுப்பினாள். அந்தப் பெண் எண்ணைத் தம்பிக்குத் தெரிவித்துப் பதிலும் வாங்கிச் சொன்னாள்: நாளைக் காலை பத்து மணிக்கு அக்கா தொழிற்சாலை வாசலுக்கு வரட்டும், வந்ததும் மெசேஜ் போடட்டும், நான் வந்து அழைத்துப் போகிறேன்.

மறுநாள் பத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அவள் அங்கே நின்றாள். சாம்பல் நிறத்தில் பெரிய இரும்புக் கதவு. அருகில் காவலாளியின் கண்ணாடிக் கூண்டு. "வந்துட்டேன்" என்று தட்டி அனுப்பினாள். அனுப்பிக்கொண்டே இருக்கிறேன் என்பதுபோல் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பதில் இல்லை.

பத்தரைக்கு மறுபடி அனுப்பினாள். பதினொன்றேகாலுக்குக் காவலாளியிடம் போனாள்.

"ஐயா, என் தம்பியைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"உள்ள இருக்கிறவரு வந்துதான்மா கூட்டிட்டுப் போகணும். போன் போடுங்க."

"அவனுக்குக் காது கேக்காது."

"அப்ப மெசேஜ் போடுங்க."

"போட்டுட்டுத்தானே இருக்கேன், ஒரு மணி நேரமா!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோதித்துப் பார்ப்போம் என்று கூண்டின் பலகையில் எழுதியிருந்த காவலாளியின் எண்ணுக்கே அழைத்தாள். இரண்டடி தூரத்தில் இருந்த போன் அடிக்கவில்லை. காதில் ஒரு பதிவுக் குரல்: இந்த இணைப்பில் குரல் அழைப்பு வசதி இல்லை. காவலாளியை அவள் எண்ணுக்கு அழைக்கச் சொன்னாள். அதுவும் வரவில்லை. வெறும் இணையம் மட்டும் உள்ள அட்டையை அவள் தலையில் கட்டியிருக்கிறான் அந்தச் சிரித்த முகக்காரன்.

உடனே இணையத்தின் வழியே ஊரில் போர்டில் இருந்த அந்தப் பெண்ணை அழைத்தாள். "இப்பவே அவனுக்கு மெசேஜ் போடு. அக்கா வாசல்ல நிக்கிறாங்க, எதிலயும் கையெழுத்து போடாதேன்னு போடு." நான்கு நிமிடத்தில் அந்தப் பெண்ணே திரும்ப அழைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா... போட்டுட்டானாம்க்கா. இப்பதான்."

கொஞ்ச நேரத்தில் பக்கக் கதவு வழியாகத் தம்பி வந்தான். வலது கையில் கட்டு. முகத்தில் கோபம். எங்கே போய்த் தொலைந்தாய் என்று இடது கையாலேயே கேட்டான். அவள் அவனுடைய பட்டன் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுடைய புது எண்ணுக்கு அவன் அனுப்பியவை ஏழு.

"அக்கா வந்துட்டியா." "ஆபீசுக்குக் கூப்பிடுறாங்க." "சீக்கிரம் வா." "தப்பு என்னோடதுன்னு எழுதியிருக்காங்க போல. சரியா புரியல." "போடமாட்டேன்னு தலையாட்டினேன். திட்டுறாங்க." "அக்கா எங்க." கடைசியாக, பதினொன்று இருபதுக்கு: "நீ வரல. போடப்போறேன்."

எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அனுப்பப்பட்டது என்று குறி இருந்தது. ஒன்றுகூட அவளுக்கு வந்து சேரவில்லை. ரத்த வங்கியில் பத்து நிமிடம் போன் எடுக்காதவர்களைக் கிழித்த அவள், தன் தம்பி ஒன்றரை மணி நேரம் கூப்பிட்டும் எடுக்காமல் வாசலில் மரம்போல் நின்றிருக்கிறாள். யாரை அடிப்பது என்று தெரியாமல் தன் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டாள்.

அவனை இழுத்துக்கொண்டு நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மனுவை வாங்கினார்.

"போன் நம்பர் எழுதுங்க. விசாரணை எப்பன்னு மெசேஜ் வரும். நீங்க வரலைன்னா மனுவை மூடிடுவோம்."

பேனா அந்தரத்தில் நின்றது. "ஒரு மணி நேரம் குடுங்கம்மா. நம்பரோட வர்றேன்."

அந்தத் தெருவின் கோடியில் போன் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு பெண் தலை நிமிராமல் ஒரு போனுக்குள் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். போர்டக்கா விமான நிலையத்தில் வாங்கிய அட்டையை உறையோடு மேஜைமேல் எறியாத குறையாக வைத்தாள். கடைக்காரி உறையைத் திருப்பி, அடியில் எறும்பு எழுத்தில் இருந்த வரியை விரலால் காட்டினாள். இணையம் மட்டும்.

"எல்லாம் வரும்னு சொன்னான் அந்தப் படுபாவி!"

"அந்தக் கார்டு வித்தா அவங்களுக்குக் கமிஷன் ஜாஸ்திம்மா. உங்களுக்கு இந்தச் சாதா கார்டு போதும்," என்று அவள் எடுத்தது, விமான நிலையத்தில் ஓரமாகத் தள்ளப்பட்ட அதே வெள்ளை உறை. போர்டக்காவுக்கு இன்னொரு முறை ரத்தம் கொதித்தது.

இந்த முறை அவள் யார் பேச்சையும் நம்புவதாக இல்லை. "ஊருக்குப் பேசலாமா, இல்ல இங்கே மட்டுமா? வர்ற காலுக்கும் காசு புடிப்பாங்களா? எத்தனை நாள் உயிரோட இருக்கும்? தீர்ந்துபோச்சுன்னா எங்கே போடுறது?" குறுக்கு விசாரணைபோல் கேட்டாள். கடைக்காரி ஒவ்வொன்றுக்கும் உறையிலிருந்த வரியைக் காட்டியே பதில் சொன்னாள். ஊருக்குப் பேசத் தனியாகக் காசு போட வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

"போட்டுக் காட்டுங்க. வேலை செஞ்சாத்தான் காசு."

கடைக்காரி சிரித்துக்கொண்டே கடை போனிலிருந்து அழைத்தாள். மணி அடித்தது. போர்டக்கா திரும்ப அழைத்தாள். அதுவும் அடித்தது. பிறகு பக்கத்தில் நின்ற தம்பிக்கு "டேய்" என்று அனுப்பினாள். அவன் சட்டைப்பை அதிர்ந்தது. அவன் ஒரு கையால் தட்டி அனுப்பிய "என்ன" அவள் திரையில் வந்து விழுந்த பிறகுதான் பர்ஸைத் திறந்தாள்.

புது எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. ஆனாலும் மனசு ஆறவில்லை. மறுநாள் ஒன்றேகால் மணி நேரம் பேருந்தில் போய் விமான நிலையக் கவுண்ட்டர் முன்னால் நின்றாள். அதே ஆள், அதே சிரிப்பு.

"மெசேஜ் வருமான்னு ரெண்டு தடவை கேட்டேனா இல்லையா?"

"இப்ப யாருக்கா மெசேஜ் அனுப்புறா? எல்லாரும் நெட்லதானே..."

"என் தம்பி அனுப்புறான்டா! அவன் அனுப்பினது எனக்கு வரல. ரெண்டு விரல் போனவன்கிட்ட மிரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. நான் வாசல்ல நின்னுட்டு இருக்கேன், உன் கார்டைக் கையில வச்சுக்கிட்டு!"

இருபத்தாறு வருடம் போர்டில் தணிந்த குரலிலேயே பேசிப் பழகிய தொண்டை அது. அவளுக்கே தெரியாமல் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தது போலும். பெட்டி தள்ளிப் போனவர்கள் நின்றார்கள். வரிசையில் இருந்த இரண்டு பேர் தங்கள் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கால் வருமா, வராதா? ஒழுங்கா சொல்லுங்க" என்று கேட்டார்கள். மேலாளர் ஓடி வந்து பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். "பணம் யாருக்கு வேணும்? வராதுன்னு பெருசா எழுதி ஒட்டுங்க" என்றாள். பார்க்கிறோம் என்றார். ஒட்டவில்லை. அவள் ஊர் திரும்பிய நாளிலும் அங்கே அப்படி எதுவும் இல்லை.

விசாரணைச் செய்தி ஆறாம் நாள் வந்தது. மறுநாள் விசாரணையில் தொழிற்சாலைத் தரப்பில் வந்தவர் காகிதத்தை நீட்டினார். 'அனைத்தும் விளக்கப்பட்டது. தன் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என ஒப்புக்கொண்டு விருப்பத்துடன் கையெழுத்திட்டார்.' கீழே, இடது கையால் போட்ட கோணல் கையெழுத்து. "விருப்பத்தோடயா போட்டான்?" என்று போர்டக்கா அறையே அதிரக் கத்தினாள்.

அதிகாரி அம்மாள் தம்பியின் போனை வாங்கி, ஆங்கில எழுத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் போர்டக்கா படித்துச் சொல்லச் சொல்ல, ஏழு செய்திகளையும் நேரத்தோடு குறித்துக்கொண்டார். ஐந்தாவதில் நிறுத்தினார்.

"மாட்டேன்னு தலையாட்டினவரு பத்து நிமிஷத்துல எப்படி விருப்பத்தோட போட்டாரு?"

வந்தவர் டையைத் தளர்த்தினார். காகிதம் செல்லாது என்றும், விபத்தைப் புதிதாக விசாரிக்க வேண்டும் என்றும் அன்றே உத்தரவானது. நான்கு மாதம் கழித்து வந்த அறிக்கை, இயந்திரத்தின் காப்புத் தடுப்பு இரண்டு வாரமாகக் கழற்றிப் போடப்பட்டிருந்தது என்றது.

உத்தரவு கிடைத்த அன்று அலுவலகப் படியிறங்கும்போது தம்பி அவள் தோளைத் தட்டினான். தன் கழுத்தைத் தொட்டு, அங்கே நரம்பு புடைப்பதுபோல் விரலால் வரைந்து காட்டினான். உள்ளே நீ கத்தினது எனக்கே கேட்டது என்று கையால் சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டைக்காரர் வாசலில் காருக்காகக் காத்திருப்பது தெரிந்தது. பையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அவரிடம் இன்னும் நாலு வார்த்தை கேட்பதற்காக விடுவிடுவென்று படியிறங்கினாள்.