ஃபோர்டா, செவர்லேயா, பிளைமவுத்தா

1. லேப்டாப்போடு வந்தவர்

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு, வாங்கும் முன் வண்டியைச் சோதித்துச் சொல்வது என் வேலை. அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில் பல வருஷமாக இதைச் செய்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அவர்களுக்காகத்தான் பாலாஜி விஷயத்தை எழுதுகிறேன்.

பாலாஜி ஆயில் கம்பெனி இஞ்சினியர். ஒரு சனிக்கிழமை லேப்டாப்பும் அப்பாவுமாக வந்து நின்றார். அப்பா சென்னையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். ஆறு மாதம் தங்கலாம், அதில் ஒரு மாதம் போய்விட்டது.

"அக்கா, வேர்ல்டு வார் முடிஞ்ச கையோட வந்த ஃபேமிலி கார் ஒண்ணு வேணும். ஃபோர்டு, செவர்லே, பிளைமவுத் மூணையும் கம்பேர் பண்ணி எடுக்கணும். அப்பாவ உக்கார வெச்சு ஊர் சுத்தணும்."

ஏன் என்று கேட்டேன். அவர் அப்பா சிரித்தார்.

"என் கல்யாணத்துல ஜானவாச ஊர்வலத்துக்குப் பெரிய அமெரிக்கன் கார் சொல்லியிருந்தாங்கம்மா. அது வரவே இல்ல. முன்னாடி நாதஸ்வரம் போகுது, பின்னாடி மாப்பிள்ளை நான் சைக்கிள் ரிக்‌ஷாவுல போறேன். அம்பது வருஷமா என் வைஃப் இதச் சொல்லியே ஓட்டுறா."

"என்ன கார் அங்கிள் அது?"

"யாருக்குத் தெரியும்? வந்தாத்தானே பாக்க."

2. மூன்று வண்டிகள்

மூன்றையும் தேடிப்போய்ப் பார்த்தோம். ஒரே காலத்தில், ஒரே மாதிரி குடும்பங்களைப் பிடிக்கப் போட்டி போட்ட வண்டிகள் இவை. ஃபோர்டு பார்க்க இளமை. பக்கமெல்லாம் வழவழவென்று இருக்கும், அந்த வி-எய்ட் உறுமலைக் கேட்டாலே ஆசை வரும். செவர்லேயின் ஆறு சிலிண்டர் அவ்வளவு துள்ளாது. ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும். பிளைமவுத் அழகில் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் கூரை உயரம், சீட் நாற்காலி மாதிரி. முட்டி வலிக்காரரான அங்கிள் யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தது அதில் மட்டும்தான்.

அங்கேயே சொன்னேன். "பாலாஜி, மூணுமே நல்ல கண்டிஷன். இத எடுத்துடுங்க. அப்பா எவ்ளோ ஈசியா ஏறிட்டார் பாருங்க."

"அவசரம் வேண்டாம் அக்கா. பிரேக், மைலேஜ், ரீசேல் எல்லாத்துக்கும் எக்செல்ல மார்க் போட்டுட்டு இருக்கேன். இஞ்சின் கம்ப்ரெஷன் டெஸ்ட் இன்னொரு தடவ பண்ணிடலாமா?"

நம் ஆட்களே இப்படித்தான். ஒரு மிக்ஸி வாங்கக்கூட நூறு ரிவ்யூ படித்தாக வேண்டும். வாயை அடக்கிக்கொண்டு மறுபடியும் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் அங்கிள் ஓரமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பையன் லேப்டாப்பைப் பார்ப்பார், அப்பா பையனைப் பார்ப்பார். போர் அடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"இல்லம்மா. சனிக்கிழமையாவது இவன்கூட இருக்கேனே."

முதலில் செவர்லே விற்றுப்போனது. அப்புறம் ஃபோர்டு. மிஞ்சிய பிளைமவுத்துக்குத்தான் மார்க் அதிகம் என்று பாலாஜி சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது. பணம் கட்டியாயிற்று, வண்டி டல்லஸ் பக்கத்திலிருந்து டிரெய்லரில் வர வேண்டும். அது வந்து சேர்வதற்கு முந்தின வாரம், ஆறு மாதம் முடிந்து அங்கிள் பிளேன் ஏறிவிட்டார்.

"விசாவுக்கு எக்ஸ்டென்ஷன் அப்ளை பண்ணியிருக்கலாமே?"

"அம்மா அங்க தனியா இருக்காங்க, இருக்க மாட்டேன்னுட்டார். அடுத்த சம்மர் மறுபடி கூட்டிட்டு வந்துடுறேன் அக்கா."

அதற்குள் அங்கிளுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆனது. இனி அவ்வளவு தூரம் பிளேனில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

3. முன் சீட்டில் ஒரு போன்

போன மாதம் பிரேக் பார்க்க பாலாஜி வண்டியைக் கொண்டுவந்தார். வேலை முடிந்து அவர் ஓட்டிப் பார்க்கும்போது நான் பின் சீட்டில் இருந்தேன். முன் சீட்டில் போனை நிறுத்தி, அப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டிருந்தார். சிக்னலில் வண்டி நின்றது.

"அப்பா, டேஷ்போர்டு தெரியுதா? இஞ்சின் சத்தம் கேக்குதா?"

"அதெல்லாம் இருக்கட்டும்டா. கேமராவ உன் பக்கம் திருப்பு. உன் மூஞ்சியப் பாக்கறேன்."

பாலாஜி திருப்பினார். பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், பானெட்டைத் திறக்கும் முன் ஒன்று கேட்கிறேன். இதில் யாரை உட்கார வைக்கப் போகிறீர்கள், அவர் எவ்வளவு நாள் இங்கே இருப்பார்? ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா என்று பதில் வந்தால், வண்டி ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அன்றைக்கே சாவியை வாங்கச் சொல்லிவிடுகிறேன்.