ஐம்பது ஜிகாபைட்டுக்குள் விஜயராணி

தவளைச் சத்தத்தை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் விஜயராணி. காதில் பதினைந்து வெள்ளிக்கு, அதாவது பதினைந்து ரிங்கிட்டுக்கு, வாங்கிய இயர்போன். அலுவலகம் வாங்கித் தந்த விலையுயர்ந்த ஹெட்போன் பிரிக்காத பெட்டியோடு அலமாரி மேல் கிடக்கிறது. "அத மாட்டுனா எல்லாமே நல்லாத்தான் கேக்கும். வாங்கி விளையாடுறவன் இதத்தானே மாட்டப் போறான்" என்கிறார். பிறகு தவளைகளை இன்னும் கொஞ்சம் நசுக்குகிறார்.

பத்தாங் காலியில் ஒரு வரிசை வீட்டின் ஹாலில் உட்கார்ந்து, கோலாலம்பூர் நிறுவனமொன்று தயாரிக்கும் வீடியோ கேமைச் சுருக்குவதுதான் இந்த நாற்பத்தாறு வயதுக்காரரின் உத்தியோகம். கேமை ஏற்றி விற்கப்போகும் டிஸ்க்கில் ஐம்பது ஜிகாபைட்தான் பிடிக்கும். படம் வரைகிறவர்களுக்கும் இசை அமைக்கிறவர்களுக்கும் அந்தக் கவலை கிடையாது. "அவங்க அள்ளிப் போடுவாங்க. நான் மேல ஏறி மிதிக்கணும்."

ஒரே செம்பனை மரம் முப்பத்தேழு இடங்களில் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். "எஸ்டேட்டுல வரிசையா நிக்கட்டும். டிஸ்க்குல எதுக்குலா?" வில்லனுடைய பூட்ஸின் அடிப்பாகத்தை ஒருவர் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தார். அதைத் தபால்தலை அளவுக்குக் குறைத்ததும் அவர் மூன்று நாள் இவரோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் வேலை நன்றாக ஓடியதாம்.

இவ்வளவு மிதித்தும் மூன்று ஜிகாபைட் வெளியே நின்றது. இரண்டாவது டிஸ்க் கிடையாது என்று சொல்லிவிட்டார் இயக்குநர் புவனேசன். தஞ்சோங் காராங் வயல்வெளியில் நடக்கும் அத்தியாயத்தையே எடுத்துவிட முடிவு செய்தார். அதை உருவாக்கிய நித்தியா, இரண்டு வருடம் அந்த வாய்க்கால் ஓரங்களில் படம் பிடித்து, ஒலிப்பதிவு செய்து, அட்டைக்கடி வாங்கியவர். செய்தியை இவர் போனில் சொன்னபோது 'சரிங்கக்கா' என்று மட்டும் சொன்னாராம். அந்தச் 'சரிங்கக்கா' விஜயராணிக்குப் பிடிக்கவில்லை.

கேமின் தொடக்கத்தில் புவனேசன் இயக்கிய ஐந்து நிமிடக் காணொளி ஒன்று உண்டு. மேகம் வரும், குதிரை வரும், இயக்குநர் பெயர் இரண்டு முறை வரும். அது மட்டும் நான்கு ஜிகாபைட். அதைச் சுருக்கினாலே வயல்வெளி பிழைத்துவிடும். கேட்டதற்கு, ஒரு புள்ளி குறைந்தாலும் தன் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று பதில் வந்தது. அப்படியானால் வந்து பார்த்தே சொல்லுங்கள் என்று வீட்டுக்கு அழைத்தார் விஜயராணி.

சனிக்கிழமை மத்தியானம் புவனேசன் வந்தபோது, பேட்டிக்காகப் போயிருந்த நானும் இருந்தேன். நித்தியா சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். எது எதுவென்று சொல்லாமல் டிவியில் இரண்டு காணொளிகளை ஓட்டினார் விஜயராணி. முதலாவது அசல்; இரண்டாவது அவர் எண்ணூறு மெகாபைட்டாகச் சுருக்கியது. முதலாவதைப் பார்த்துப் புவனேசன் முகம் சுளித்தார். இரண்டாவது ஓடியதும் எழுந்துபோய், குதிரையின் பிடரியைத் திரையில் தொட்டுக் காட்டினார்.

"இதான்க்கா ஒரிஜினல். ஒவ்வொரு முடியும் தனியா தெரியுது பாருங்க. மத்தத பூவாங் பண்ணிருங்க, தூக்கி வீசிருங்க."

நித்தியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரிங்க பாஸ்" என்ற விஜயராணி, நான்கு ஜிகாபைட் கோப்பைத் தேர்ந்தெடுத்து அழிக்கும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தார். நிச்சயமா என்று அது கேட்டது. அவர் கையை எடுத்துவிட்டு, மவுஸை மரியாதையாகப் புவனேசன் பக்கம் நகர்த்தி வைத்தார்.