பாதி விதி

என் வீட்டுக்காரருக்கு பேக்கரியில் வைத்த பெயர் ‘விதி’. ‘விதி வந்தாச்சா’, ‘விதி வண்டியை எடுத்தாச்சா’ என்றுதான் அங்கே கேட்பார்கள். அவர் ரொட்டி வேன் ஓட்டியவர். விடிந்ததும் விடியாததுமாகத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கடை கடையாக இறக்கிவிட்டு வருவார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வம்பெல்லாம் வாயில்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வேனில் இருந்த ரேடியோ. காலையில் அதில் ஒரு அம்மா அறிவியல் பேசுவார். மரம், மழை, பூச்சி, காந்தம் என்று தினம் ஒன்று. இவர் அதைக் கேட்டுவிட்டு வந்து, கேட்டதை அப்படியே எங்கள் வாழ்க்கையில் பொருத்திப் பார்ப்பார். "இது இயற்கையோட விதி. மனுஷன் இதுல இருந்து பாடம் கத்துக்கணும்" என்பார். கேட்கிறவர்கள் பெருமூச்சு விட்டு, "ஆமாங்க, எல்லாம் விதி" என்பார்கள். உடனே இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அந்த விதி இல்லைங்க. அது தலையெழுத்து. நான் சொல்றது சோதிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்ச விதி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்ட அளவுக்கு உலகத்தில் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார், இழவு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. பேக்கரியில் வண்டியை எடுக்கும்போது அந்த அம்மா பேச ஆரம்பிப்பார். பாதி பேசுவதற்குள் முதல் கடை வந்துவிடும். ‘இறங்கினால் சாவி கையில் இருக்க வேண்டும்’ என்பது முதலாளியின் கட்டளை. சாவியை எடுத்தால் ரேடியோவும் வாயை மூடிக்கொள்ளும். கடைக்காரர் ஒவ்வொரு ரொட்டியாக அமுக்கிப் பார்த்து வாங்கி முடிப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்து பாட்டு போட்டுவிடுவார்கள். ஆக, இந்த மனுஷனுக்கு உலகத்து அறிவியல் எல்லாம் தெரியும், எல்லாமே பாதி தெரியும்.

நண்டு கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். நண்டு பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டால்தான் வளர முடியும் என்று ஒருநாள் கேட்டுவிட்டு வந்தார். மறுநாளே வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், "நாங்க காலி பண்றோம்" என்று சொல்லிவிட்டார். வேறு வீடு பார்த்தாரா என்றால் இல்லை. "பழசைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தா புதுசு எப்படி அமையும்?" என்று என்னையே கேட்டார். புதுசு அமையும்வரை அவருடைய அக்கா வீட்டு ஹாலில், தையல் மெஷினுக்கும் டிவிக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தோம். அங்கேதான் அக்கா மகள் பள்ளிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"மாமா, புது ஓடு உள்ளுக்குள்ள தயாரான பிறகுதான் நண்டு பழசைக் கழட்டும்."

இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் விடுவேனா, விளக்கை அணைத்த பிறகும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எறும்பு. எறும்புக் கூட்டத்தில் வேலை செய்யாமல் சும்மாவே சுற்றுகிற எறும்புகளும் உண்டாம். அன்றைக்கு இவர் பாத்திரம் கழுவவில்லை. இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். அவர் சொன்னதில் எது முழுசு, எது பாதி என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கென்ன வேறு வேலை இல்லையா?

இதெல்லாம் சிரிக்கிற கதை. போன வருஷம்தான் சிரிப்பு நின்றது.

வண்டியை ஓரம் கட்டும்போது ஒரு சைக்கிளை உரசிவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு கம்பம். ‘பார்க்கவே இல்லை’ என்றார். கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, நேரே பார்ப்பது தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது, போனது திரும்பாது என்றார் டாக்டர். சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி மட்டும் கூடாது. நடக்கலாம், தூக்கலாம், இறக்கலாம், எல்லாம் செய்யலாம். "வீட்டுக்குள்ளயே முடங்கிடாதீங்க" என்று அவரே படித்துப் படித்துச் சொன்னார்.

இவர் முடங்கினார். ஜன்னல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். முதலாளி நல்ல மனுஷன். "வேற டிரைவர் போட்டுக்கிறேன், நீ கூடப் போய்த் தட்டு இறக்கு" என்று வீட்டுக்கே வந்து சொன்னார். இவர் தலையை ஆட்டி வைத்தார். போகவில்லை. நான் கரடியாகக் கத்தினேன். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்.

"நிக்கிற பொருள் நின்னுக்கிட்டேதான் இருக்கும். தரையில ஒரு பந்தை வெச்சா அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும். அது விதி. நான் நின்னுட்டேன், அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்து, "என்ன பண்றது, எல்லாம் விதி" என்றார். இப்போது வெடிப்பார் என்று நான் அடுக்களையில் காத்திருந்தேன். "ஆமாங்க" என்றார். அதோடு சரி. கையில் இருந்த கரண்டியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். மனுஷன் நாற்காலியிலேயே தேய்ந்து போய்விடுவாரோ என்கிற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

பயத்தோடு சேர்ந்து கோபமும் வந்தது. முதலாளி வீட்டுக்கு நேரே போய், "வேற டிரைவர் வேணாம். நான் ஓட்டக் கத்துக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றேன். கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே, "முதல்ல விதி தெரியணும்மா" என்றார். வீட்டில் கேட்டுப் புளித்த எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. "அதெல்லாம் எங்க வீட்டுல நிறைய இருக்குங்க" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சாலை விதியைச் சொல்றேன்" என்றார். அதையும் படித்தேன். லைசென்ஸ் வாங்கி வந்து அவர் மடியில் போட்டேன். நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "போட்டோ நல்லா இருக்கு" என்றார். இவருக்காக நான் படாத பாடு பட்டு வாங்கி வந்தால், போட்டோ நல்லா இருக்காம்.

"கூட வாங்க. நான் ஓட்டுறேன், நீங்க இறக்குங்க."

"நின்ன பொருள்" என்று ஆரம்பித்தார். நான் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனேன்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு ரேடியோவை நான் தொட்டதே இல்லை. அந்த அம்மா என் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியவர் என்பது என் எண்ணம். ஒருநாள் முதல் கடைக்கு முன்னால் ரயில் கேட் மூடியிருந்தது. ஏதோ சரக்கு வண்டி, வருகிறது வருகிறது, வந்தபாடில்லை. பொழுது போகாமல் திருகினேன். அதே அம்மா. அதே பந்து.

"நிற்கிற பொருள் நின்றுகொண்டேதான் இருக்கும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அணைக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது," என்றார் அந்த அம்மா. "வெளியிலிருந்து ஒரு விசை வந்து தள்ளாதவரைதான் இந்த விதி. தள்ளினால் பந்து நகர்ந்தாக வேண்டும்."

கேட் திறந்தது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். நான் வண்டியைத் திருப்பினேன். ரொட்டி, கடை, முதலாளி எதுவும் நினைவில் இல்லை. வீட்டு வாசலில் இன்ஜினைக்கூட அணைக்காமல் உள்ளே போனேன்.

நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன, ரொட்டி இறக்கலையா?"

"உங்க விதி பாதிதான். மீதியை இன்னிக்கு நான் கேட்டேன். வெளியில இருந்து ஒரு விசை வந்து தள்ளாத வரைக்கும்தான் பந்து கிடக்குமாம். எழுந்திரிங்க."

"அப்படியா சொன்னாங்க?"

"அப்படியேதான் சொன்னாங்க. நீங்க அப்ப ரொட்டி இறக்கிட்டு இருந்திருப்பீங்க. இப்ப தள்ள வேண்டியது நான். எழுந்திரிங்கன்னா."

"விசை வெளியில இருந்து வரணும்னுதானே சொன்னாங்க? நீ வீட்டுக்குள்ள இருக்கிறவ."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது, சொல்லுங்கள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

"நான் இப்ப வெளியில இருந்துதான் வந்தேன். ரயில் கேட்டுல இருந்து வர்றேன். நீங்க இந்த நாற்காலியிலயே போய்ச் சேர்ந்துடுவீங்களோன்னு தினமும் பயந்துக்கிட்டுதான் வண்டி ஓட்டுறேன். பக்கத்துல நீங்க வேணும் எனக்கு. புரியுதா?"

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பாரம் முழுவதும் என் கையில் இருந்தது. அப்புறம் மெல்லக் குறைந்தது. எழுந்து நின்றவர், செருப்பு எங்கே என்று கேட்டார். நாற்காலிக்குப் பக்கவாட்டில்தான் கிடந்தது.

முதல் கடைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று என்னைப் பிடித்துக் கத்த வாயெடுத்தவர், இவர் தட்டோடு இறங்குவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இவர் கதவில் ஒரு தோளை இடித்துக்கொண்டார். "இடது பக்கம் படி" என்று நான் சொன்னேன். கால் வைத்துத் தடவி ஏறினார்.

"கண்ணு இப்படி ஆயிடுச்சேங்க" என்றார் கடைக்காரர். "என்ன பண்றது, எல்லாம் விதி."

இவர் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் முழு உடம்போடு திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"அந்த விதி இல்லைங்க. அது தலையெழுத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. நான் சொல்றதுல ஒரு நிபந்தனை இருக்கு, முழுசாக் கேளுங்க. தரையில ஒரு பந்து இருக்குன்னு வைங்க…"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் இப்போதைக்கு முடிக்க மாட்டார் என்பதால், மீதித் தட்டுகளை நானே இறக்கினேன்.