இறகுத் தையலில் மாட்டிய கொலுசு

அண்ணன் மகளுக்கு ஒரு விரிப்பு தைக்கத் தொடங்கியபோது வழக்கம்போல முதலில் பட்டியல் போட்டேன். பழைய பட்டுச்சேலைத் துண்டுகள், அடியில் வைக்க அப்பாவின் நைந்த வேட்டி, ஆறு நிறத்தில் நூல். துண்டுகளை அளவெடுக்காமல் கோணல்மாணலாக வெட்டி இணைத்து, அவை சேரும் ஒவ்வொரு கோட்டின் மேலும் அலங்காரத் தையல் போட வேண்டும். கிரேஸி குயில்ட் என்பார்கள்.

அதுவரை எனக்குக் கை வந்தது சங்கிலித் தையலும் மீன்முள் தையலும்தான். இந்த முறை இறகுத் தையல் பழகினேன். கோட்டின் இருபக்கமும் மாறி மாறிக் கிளை விட்டுப் போகும். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நிறம் சரிபார்க்கிறேன். நாள் முழுக்கப் பட்டாசுப் பெட்டி லேபிள்களைப் பார்க்கும் கண்ணுக்குச் சின்னக் கிளை போதவில்லை. பொறி சிதறுகிற மாதிரி தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு கிளையையும் நீட்டிக்கொண்டே போனேன். சாயம் போகிறதா என்று நூலை நனைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன். நீளமான நூல் துணியோடு படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும் என்பது என் பட்டியலில் இல்லை. பேறுகாலத்துக்குத் தாய்வீடு போயிருந்த மதினி, வீடியோ காலில் பார்த்துவிட்டு, கிளையெல்லாம் கொஞ்சம் நீளமோ என்று கேட்டார். அதுதான் அழகு என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளையை மதினியின் ஊரான காரியாபட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள். விரிப்பை நடுவில் விரித்து, நானே பிள்ளையை வாங்கிப் படுக்க வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்க்க, எந்தத் தையலுக்கு என்ன பெயர் என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை காலை உதைத்தது. மதினியின் அம்மா போட்டுவிட்டிருந்த புதுக் கொலுசின் சலங்கை ஒரு கிளையில் மாட்டியது. உதைக்க உதைக்க நூல் சுற்றி இறுகியது. பிள்ளை வீரிட்டு அழுதது.

மதினியின் அம்மா கத்தரிக்கோல் கேட்டார். அண்ணன் எடுத்து நீட்டினான். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"அத்தை, நூலை வெட்டிறாதீக. கொலுசைக் கழத்துங்க."

அது திருகாணி வைத்த கொலுசு. கழற்ற வேண்டுமென்றால் அழுகிற பிள்ளையின் காலைப் பிடித்து அழுத்தித் திருக வேண்டும். எனக்கும் அது தெரியும். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தாயி, நூலுக்கு வலிக்குமோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை வாங்கிக் கிளைகளை வெட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கணுக்காலில் சிவப்பாக ஒரு கோடு. சாயங்காலத்துக்குள் மறைந்துவிட்டதாக அம்மா சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க முகமில்லை.

சில நாள் கழித்துத்தான் மதினியிடம் பேச வாய் வந்தது. நீளக் கிளைகளைப் பிரித்துக் குட்டையாகப் போட்டுத் தருகிறேன், விரிப்பைக் கொடுங்கள் என்றேன்.

"எதுக்கு? புள்ள அதுலதான தூங்குது" என்றார் மதினி.

மனசு கொஞ்சம் லேசானது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். விரிப்பைத் திருப்பிப் போட்டிருந்தார். என் தையல் முழுவதும் தரையைப் பார்த்துக் கிடக்க, அப்பாவின் வேட்டிமேல் காலை அகட்டிப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, கொலுசோடு.